விலை கேட்டால் முகம் சுளிக்காத ஆஸ்பத்திரி

கேள்வி இது: "தருமபுரியில் கல்லூரியில் படிக்கிறேன். எங்கள் பட்டிமன்றத்தில் 'மருத்துவக் கொள்கைக்குத் தேவை தடையற்ற சந்தையும் தனிமனித உரிமையும்' என்ற அணி எனக்கு விழுந்திருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியை நம்பியே வாழும் மாவட்டத்தில் இதை எப்படிப் பேசுவது? பேசினால் ஏழைகளுக்கு எதிரானவன் என்று ஆகிவிடாதா?"

தாராளமாகப் பேசலாம் தம்பி. நானும் ஏறக்குறைய உங்கள் அணிதான். ஆனால் இந்தத் தலைப்பை எடுப்பவர்கள் பெரும்பாலும் முதல் வாக்கியத்திலேயே கோட்டை விடுகிறார்கள். "அரசு ஆஸ்பத்திரியை மூடு, தனியாரிடம் கொடு" என்று ஆரம்பிப்பார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் யார்? ஜிஎச்சில் பிறந்தவர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட்டுக்கொண்டவர், போன மாதம் அப்பாவுக்கு அங்கேயே சர்க்கரை மாத்திரை வாங்கி வந்தவர். அவரிடம் போய் இப்படி ஆரம்பித்தால், அப்புறம் நீங்கள் சொல்வது எதுவும் அவர் காதில் ஏறாது.

வேறு இடத்தில் தொடங்குங்கள். நோயாளியின் நாற்காலியில்.

நான் பல வருடம் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவன். டிபிஏ என்பார்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் நின்று, பில்லைப் பார்த்து, இதற்குப் பணம் தரலாம், இதற்குத் தரக்கூடாது என்று சொல்கிற இடம். ஒரே ஆபரேஷனுக்கு, ஒரே ஊரில், ஒரே வாரத்தில் மூன்று விலை போட்ட பில்களைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. ஆனால் அந்தப் பழக்கமெல்லாம் என் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் வந்தபோது ஒன்றுக்கும் உதவவில்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரிக் கவுண்டரில் போய், "ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும்மா?" என்று கேட்டேன்.

"கார்டு இருக்குதுங்களா, இன்சூரன்ஸுங்களா, கேஷுங்களா?"

"அதைச் சொன்னாத்தான் விலை சொல்லுவீங்களா?"

"அதைச் சொன்னாத்தானுங்க சொல்ல முடியும்."

கார்டு என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, உள்ளதைச் சொன்னார். யார் பணம் கட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து விலை. சேலத்தில் ஒரு இடத்தில் தாளில் எழுதிக் கொடுத்தார்கள்: அறை வாடகை இவ்வளவு, மயக்க மருந்து டாக்டருக்கு இவ்வளவு, எல்லாம் சேர்த்து இவ்வளவு என்று. அந்தத் தாளை வாங்கிக்கொண்டு, "யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. உங்கள் அணியின் முழு வாதமும் அந்த எழுந்து வருவதில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். விலை முன்கூட்டியே தெரிய வேண்டும். பிடிக்காவிட்டால் எழுந்து போக முடிய வேண்டும். போவதற்கு இன்னொரு இடம் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அது சந்தை. இவை இல்லாமல் தனியார் பெயர்ப்பலகை மட்டும் மாட்டியிருந்தால், அதற்குச் சந்தை என்று பெயர் வைப்பது சந்தைக்கே அவமானம்.

தடையற்ற சந்தை என்றதும் அரசே இல்லாத காடு என்று எதிரணி சொல்லும். அப்போது தருமபுரி பட்டுக்கூடு அங்காடியைக் காட்டுங்கள். விவசாயி கூட்டைக் கொண்டுவந்து தட்டில் பரப்புகிறார். வியாபாரிகள் கையில் எடுத்துப் பார்த்து ஏலம் கேட்கிறார்கள். யார் என்ன விலை கேட்டார் என்பது அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும். அங்காடி அரசுடையது, தராசு அரசுடையது, விலை மட்டும் ஏலத்தில் வருவது. இந்தத் தராசைப் பிடிக்கிற வேலையைத்தான் மருத்துவத்திலும் அரசு முதலில் செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இது உடனே புரியும். வெளிநாட்டுப் பொருளாதார நிபுணர் பெயரைச் சொல்வதைவிட ஒரு தட்டுக் கூடு பலமான சாட்சி.

மத்திய அரசின் மருத்துவ நிலையங்கள் சட்டம் 2010இல் வந்தது. அதன்கீழ் 2012இல் போட்ட விதிகளில், ஒவ்வொரு சிகிச்சைக்கும் கட்டணத்தை உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் கண்ணில் படும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்தச் சட்டத்தை ஏற்ற மாநிலங்களுக்குத்தான் அது. தமிழ்நாட்டுக்கு 1997ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக உண்டு. சட்டம் எதுவானாலும், நீங்கள் போன ஆஸ்பத்திரிகளில் விலைப் பலகையை எங்கே பார்த்தீர்கள் என்று அவையைக் கேளுங்கள். ஸ்கேன் சென்டர்களில் ஒரு பலகை கட்டாயம் தொங்கும்: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படாது என்று. அதன் பக்கத்தில் வயிற்று ஸ்கேனுக்கு இவ்வளவு என்று இன்னொரு பலகை மாட்ட ஆணிக்கா பஞ்சம்?

சரி, போட்டி உண்மையில் விலையைக் குறைக்கிறதா? மருந்து விஷயத்தில் இதற்கு நம் கையிலேயே சாட்சி இருக்கிறது. இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை, செய்முறைக்கு மட்டும் தந்தது. 2005இல் சட்டம் மாறும் வரை, வேறு வழியில் அதே மருந்தைச் செய்ய யார் வேண்டுமானாலும் இறங்கலாம் என்று இருந்தது. அப்படி இறங்கிய நிறுவனங்களில் ஒன்றான சிப்லா, 2001இல், எய்ட்ஸ் நோயாளிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகிக்கொண்டிருந்த மூன்று மருந்துக் கூட்டை 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. 2012இல் சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்துக்குக் கட்டாய உரிமம் கொடுத்தார்கள், அதாவது காப்புரிமை வைத்திருந்த கம்பெனி சம்மதிக்காவிட்டாலும் இன்னொரு கம்பெனி அதைச் செய்து விற்க அரசு தரும் அனுமதி. மாதம் சுமார் 2,80,000 ரூபாயாக இருந்தது 8,800 ரூபாய்க்கு வந்தது. இதைச் சொன்னால் எதிரணி துள்ளும்: "பார்த்தீர்களா, அரசு தலையிட்டதால்தானே விலை இறங்கியது!" அங்கே நிதானமாகச் சொல்ல வேண்டும்: காப்புரிமை என்பதே அரசு ஒருவருக்கு எழுதிக்கொடுக்கிற ஏகபோகம். அதைத் தளர்த்தி இரண்டாவது ஆளைக் கடை போட விட்டதும் விலை விழுந்தது. (காப்புரிமையே இல்லாவிட்டால் புது மருந்தை யார் கண்டுபிடிப்பார்கள் என்று உங்கள் அணியிலேயே ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சந்தைவாதிகளுக்குள் தீராத வழக்கு அது. மேடையில் அதை இழுக்காதீர்கள், நேரம் போய்விடும்.)

இன்னொன்று, எதிரணியின் பெருமையையே உங்கள் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994இல் தொடங்கியது. அரசு ஆஸ்பத்திரிகளில் மருந்து தட்டில்லாமல் கிடைப்பதற்குப் பெரிய காரணம் அதுதான், பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துப் போன அமைப்பு. அது செய்தது என்ன? மாநிலம் முழுமைக்கும் சேர்த்து வெளிப்படையான டெண்டர் விட்டது. கம்பெனிகளை ஒருவரோடு ஒருவர் மோத விட்டது. வந்த மருந்தைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பித் தேறியதை மட்டும் எடுத்தது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். அதில் இருக்கும் தொகைக்குள் தனக்கு எது தேவையோ அதை அந்த ஆஸ்பத்திரியே கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சென்னையில் இருப்பவர் அரூருக்கு எத்தனை பாராசிட்டமால் என்று முடிவு செய்வதில்லை. வாங்கும் பணம் அரசுடையது, விலையை இறக்கியது போட்டி, எது வேண்டும் என்ற முடிவு பயன்படுத்துகிறவரிடம். இதைவிட அழகான சந்தைப் பாடத்தை நான் பார்த்ததில்லை. திராவிடக் கட்சிகள் இரண்டின் ஆட்சியிலும் அது ஓடிக்கொண்டிருக்கிறது என்பதால் யாரும் உங்கள் மேல் கட்சி முத்திரையும் குத்த முடியாது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையையும் சொல்லலாம். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு ஆரம்பித்தார். பணம் கட்ட முடிந்தவர் கட்டினார், அதிலிருந்து முடியாதவருக்கும் கண்புரை அறுவை நடந்தது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதி விலை கட்டுப்படியாகவில்லை என்று 1992இல் அவர்களே ஆரோலேப் ஆரம்பித்துச் செய்யத் தொடங்கினார்கள். விலை பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. அரசு ஆணை போட்டு இறக்கியதல்ல. கருணை மட்டும் இருந்திருந்தாலும் இறங்கியிருக்காது. கணக்கும் சேர்ந்தே இருந்தது.

இப்போது கஷ்டமான இடம். எதிரணி கட்டாயம் தொப்பூர் கணவாயைக் கொண்டு வரும். கொண்டு வராவிட்டால் அவர்களுக்குப் பேசத் தெரியவில்லை என்று அர்த்தம். கணவாய் இறக்கத்தில் லாரி மோதிக் கிடக்கிறவன் எந்த ஆஸ்பத்திரி மலிவு என்று விசாரிப்பானா? மாட்டான். அவனுக்கு விலை கேட்கவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. கென்னத் ஆரோ என்ற பொருளாதார அறிஞர் 1963இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் விரித்துச் சொன்னார்: எப்போது நோய் வரும் என்று தெரியாது, வந்தால் என்ன சிகிச்சை தேவை என்பது விற்பவருக்குத்தான் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. கத்தரிக்காய் மாதிரி இதை வாங்க முடியாது. பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர் அவர். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது என்று நீங்களே முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்டுவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: மருத்துவச் செலவு முழுக்கத் தொப்பூர் கணவாயா? சர்க்கரை, ரத்த அழுத்தம், கண்புரை, பல், பிரசவம், குடலிறக்கம், மூட்டுவலி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாதாமாதம் மாத்திரை. இவற்றுக்கெல்லாம் நாள் குறித்துத்தானே போகிறோம்? நாள் குறித்துப் போகிற இடத்தில் விலை கேட்கலாம்.

கணவாய்க்காரனுக்கும் பணம் நோயாளியோடு போகிற ஏற்பாடுதான் பொருந்துகிறது என்பது என் கருத்து. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தைப் பாருங்கள். விபத்து நடந்து முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரி தனியாரானாலும் அரசானாலும் சரி. அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர் என்றும் பார்ப்பதில்லை. இங்கே அரசு தானே புதிதாக ஓர் ஆஸ்பத்திரி கட்டவில்லை, கிட்டத்தில் எது இருக்கிறதோ அதற்குப் பணம் கட்டுகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் அடிப்படையில் இதேதான். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது, 2012இல் பெயரும் வடிவமும் மாறியது, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. கார்டு நோயாளியின் கையில். அவர் எங்கே போகிறாரோ பணம் அங்கே போகிறது.

நடைமுறையில் இதில் எத்தனை ஓட்டை என்பது எனக்கு நன்றாகவே தெரியும், அந்த ஓட்டைகளை எண்ணித்தான் சம்பளம் வாங்கினேன். அரசு குறிக்கும் பேக்கேஜ் தொகை குறைவு என்று ஆஸ்பத்திரி சொல்லும். ஆகவே லாபம் வரும் கேஸை எடுத்துக்கொண்டு மற்றதற்கு "பெட் இல்லைங்க" என்று விடும். சில இடத்தில் "இது கார்டுல வராது, தனியாக் கட்டணும்" என்று ரசீது இல்லாமல் ஒரு தொகை கேட்கும். இதை மறைக்காமல் சொல்லுங்கள். சந்தைவாதிக்கு இதற்குச் சொல்ல மருந்தும் இருக்கிறது: எந்த ஆபரேஷனுக்கு அரசு எவ்வளவு கட்டுகிறது என்பதை ஆஸ்பத்திரி வாசலிலேயே எழுதி வை. கூடுதலாக வாங்குவதாக இருந்தால் அதையும் எழுதி, நோயாளியிடம் முன்பே கையெழுத்து வாங்கு. கார்டு வைத்திருப்பவர் கெஞ்ச வந்தவர் என்ற நினைப்பு, பணம் கட்டுகிற வாடிக்கையாளர் என்று மாற வேண்டும்.

எல்லையைத் தாண்டியும் ஓர் உதாரணம் உண்டு. கர்நாடகத்தில் 2003இல் கூட்டுறவுச் சங்க விவசாயிகளுக்காக யசஸ்வினி என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். உறுப்பினர் கட்டியது மாதம் 5 ரூபாய். அரசும் கொஞ்சம் போட்டது. லட்சக்கணக்கில் விவசாயிகள் சேர்ந்தார்கள். ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளி போனால் அந்த மாநிலம்தான். கிருஷ்ணகிரிக்காரர்கள் பலர் பெரிய வைத்தியத்துக்கு அந்தப் பக்கம்தான் போகிறார்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு நம் நாட்டில் 18 சதவீத ஜிஎஸ்டி இருந்தது. வருமுன் பணம் சேர்க்கிறவனுக்கு அபராதம் மாதிரி. 2025 செப்டம்பர் 22 முதல் அதை எடுத்துவிட்டார்கள். அப்படி ஒரு வரி அத்தனை வருடம் இருந்ததைச் சொல்லி, "மருத்துவம் அடிப்படை உரிமை என்று சொன்ன அரசுகள்தானே இதை வசூலித்தன?" என்று ஒரு குத்து குத்தலாம். கைதட்டு வரும்.

அமெரிக்காவைக் கொண்டு வருவார்கள். "சுதந்திரச் சந்தை என்றால் அமெரிக்கா, அங்கே ஆம்புலன்ஸுக்கே பயப்படுகிறார்கள்." இதற்கு நீண்ட பதில் வேண்டாம். அங்கே முதலாளி மூலம் காப்பீடு என்ற ஏற்பாடு வேரூன்றியதே இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942இல், அரசு சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்ததால். சம்பளம் ஏற்ற முடியாத முதலாளிகள் காப்பீட்டைச் சலுகையாகக் கொடுத்தார்கள். அதற்கு வரிவிலக்கும் சேர்ந்துகொண்டது. புது ஆஸ்பத்திரி கட்டவே 'தேவை இருக்கிறது' என்று அரசிடம் சான்று வாங்க வேண்டிய மாநிலங்கள் அங்கே இன்றும் உண்டு. அது தடையற்ற சந்தை என்றால் சுங்கச்சாவடியும் திறந்த வீதிதான். சிங்கப்பூரைச் சொல்லுங்கள்: 1984இல் மெடிசேவ். சம்பளத்தில் ஒரு பகுதி உங்கள் பெயரிலேயே மருத்துவச் சேமிப்பாகச் சேரும். பெரிய செலவுக்கு 1990இல் மெடிஷீல்டு காப்பீடு, எதுவும் முடியாதவருக்கு 1993இல் மெடிஃபண்டு. அங்கேயும் பெரும்பாலான படுக்கைகள் அரசு ஆஸ்பத்திரிகளில்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். மறைத்தால் எதிரணி எடுத்து அடிக்கும்.

அதேபோல் ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு. அமெரிக்காவில் 1974 முதல் 1982 வரை ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பிரித்து, சிலருக்கு முழு இலவசம், சிலருக்குச் செலவில் ஒரு பங்கு கையிலிருந்து என்று வைத்துப் பார்த்தார்கள். கையிலிருந்து கட்டியவர்கள் ஆஸ்பத்திரிக்குக் குறைவாகப் போனார்கள். சராசரியாக உடல்நிலையில் பெரிய வித்தியாசம் இல்லை. சந்தைவாதிகள் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். மீதியையும் படியுங்கள்: ஏழைகளில் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு இலவசச் சிகிச்சைதான் நன்மை செய்தது. கையிலிருந்து கட்டியவர்கள் தேவையில்லாததைக் குறைத்த மாதிரியே தேவையானதையும் குறைத்துக்கொண்டார்கள். ஆகவே சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்குக் கட்டணம் வைக்கச் சொல்லி நான் பேச மாட்டேன், நீங்களும் பேசாதீர்கள்.

இலவச மாத்திரைக்கும் ஒரு விலை உண்டு என்பதை மட்டும் சொல்லுங்கள். மலையோரக் கிராமத்திலிருந்து ஒரு கூலித் தொழிலாளி மாத்திரை வாங்க வர ஒரு நாள் கூலி போகும், பஸ்ஸுக்குப் போகும், வரிசையில் அரை நாள் போகும். மாத்திரை இலவசம், மாத்திரைக்கு வந்த நாள் இலவசமில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீட்டுக்கே மாத்திரை கொண்டு போனபோது அது குறைத்தது இந்த மறைந்த விலையைத்தான். விலை என்று ஒன்று ரூபாயில் மட்டும் இருப்பதில்லை என்று அரசே ஒப்புக்கொண்ட திட்டம் அது என்று நான் பார்க்கிறேன்.

தனிமனித உரிமைக்கு வருவோம். உங்கள் தலைப்பின் இரண்டாம் பாதி. என்னைக் கேட்டால் பலமான பாதி இதுதான், ஆனால் பேச்சாளர்கள் கடைசி ஒரு நிமிடத்தில் இதைத் தள்ளிவிட்டுப் போகிறார்கள்.

சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை, வெளியே உட்கார்ந்திருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கி எடுத்துவிட்டார்கள். அவர் வயது வந்த, சுயபுத்தியுள்ள பெண். உயிர் போகும் அவசரமும் இல்லை. மயக்கம் தெளியும் வரை காத்திருந்து அவரையே கேட்டிருக்க வேண்டும், அம்மாவின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். இதை அவையில் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் நிறுத்துங்கள். ஏனென்றால் நம் பக்கத்தில் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது யார்? வீட்டுக்காரர். இல்லாவிட்டால் மாமா, சித்தப்பா, மூத்த மகன். நோயாளி, அதிலும் பெண்ணாக இருந்தால், கட்டிலில் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். தனிமனித உரிமைக்கு எதிரி அரசு மட்டும்தான் என்று வெளிநாட்டுச் சந்தைவாதிகள் எழுதுவார்கள். தருமபுரியில் குடும்பமும் வரிசையில் நிற்கிறது.

கருவில் பெண் என்றால் கலைப்பது இங்கேதான் வரும். 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் ஆரம்பித்ததும், பிறகு தருமபுரிக்கும் வந்ததும் பெண் சிசுக்கொலையால்தான் என்று எல்லோருக்கும் தெரியும். இன்றும் வீட்டுக்குள் சின்ன ஸ்கேன் மெஷினை வைத்துக்கொண்டு பாலினம் சொல்லும் கும்பல்கள் நம் பக்கத்து மாவட்டங்களில் பிடிபடுகின்றன. எதிரணியில் யாராவது, "தனிமனித உரிமை என்றால் இதையும் அனுமதிப்பீர்களா?" என்று கேட்பார். தடுமாறாதீர்கள். அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு யாராவது கேட்டார்களா என்று திருப்பிக் கேளுங்கள். மாமியார் முடிவு செய்து, புருஷன் பணம் கட்டி, தரகர் காரில் ஏற்றிப் போகும் இடத்தில் உரிமை என்ற சொல்லுக்கே வேலையில்லை.

அரசு பக்கமும் கணக்கு இருக்கிறது. நெருக்கடி நிலைக் காலத்தில் 1976–77 ஒரே ஆண்டில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை அறுவைகள். ஒவ்வொரு அதிகாரிக்கும் இலக்கு வைத்தால் ஆள் பிடிக்கத்தான் செய்வார்கள். கருத்தடை முகாம் முறையையே மூன்றாண்டுக்குள் நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட 2016 வரை ஆயிற்று. 2022 மே மாதம் ஜேக்கப் புலியேல் வழக்கில், யாரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது, உடல் மீதான உரிமை அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவுக்குள் வருகிறது என்று அதே நீதிமன்றம் சொன்னது. ஊர் நலனுக்காக நியாயமான கட்டுப்பாடுகள் வைக்கலாம் என்றும் சேர்த்தே சொன்னது. பாதித் தீர்ப்பை மட்டும் வாசிக்காதீர்கள். (தடுப்பூசி நல்லது. நான் போட்டுக்கொண்டேன். போட்டுக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுவது வேறு, கையைப் பிடித்துப் போடுவது வேறு.)

இன்னும் ஒன்று, இதை நம் ஊரில் யாரும் கவனிப்பதில்லை. 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்பு வந்தது. ஆனால் எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் செய்யும் ஆஸ்பத்திரி அதற்குள் வராது. பணம் கட்டியவர் தவறான சிகிச்சைக்கு நுகர்வோர் நீதிமன்றம் போகலாம். அப்படி எல்லோருக்கும் இலவசமான இடத்தில் சிகிச்சை பெற்றவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. ஏழைக்கு இலவசம் கொடுத்துவிட்டு, கேள்வி கேட்கும் உரிமையைக் கழித்துக்கொண்டோம். எதிரணி இதற்கு என்ன பதில் சொல்லும் என்று எனக்கே ஆவல்.

டாக்டர் உரிமம் பற்றி மில்டன் ஃபிரீட்மன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1962இலேயே பெரிய வம்பை இழுத்துவிட்டார்: உரிமம் என்பது தரத்தைவிட டாக்டர்களின் எண்ணிக்கையைக் குறைக்கவும் கட்டணத்தை ஏற்றவுமே பயன்படுகிறது என்று. அப்படியே அவர் சொன்னதை இங்கே பேசாதீர்கள். ஊசி போடும் போலி டாக்டர்களைப் போலீஸ் பிடித்த செய்தி நம் மாவட்டப் பேப்பரில் வந்துகொண்டே இருக்கிறது, அவையில் யாருக்காவது அப்படி ஒருவரால் கை வீங்கியிருக்கும். அதற்குப் பதிலாகச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவில் உள்ள சிட்லிங்கியைச் சொல்லுங்கள். டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே போய் ஒரு ஓலைக் குடிசையில் வைத்தியம் ஆரம்பித்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் மணிக்கணக்கில் பயணம். நர்ஸ் வர மாட்டார்கள். ஆகவே உள்ளூர் மலைவாழ் பெண்களையே எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பிரசவம், குழந்தைக் கவனிப்பு, வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது எல்லாம் அவர்கள் கையில். குழந்தைகள் சாவது பெருமளவு குறைந்தது. யாரும் உத்தரவு போடவில்லை, லாபத்துக்கும் ஆரம்பிக்கவில்லை. விரும்பியவர்கள் சேர்ந்து செய்தது. பட்டம் இல்லாதவர் எல்லாம் போலி என்று சட்டம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லாமல், எந்த வேலைக்கு எவ்வளவு பயிற்சி போதும் என்று பிரித்துப் பார்த்தால் இன்னும் எத்தனை சிட்லிங்கி வரும் என்று கேளுங்கள். ஃபிரீட்மன் சொன்னதில் நமக்குப் பயன்படும் பங்கு அவ்வளவுதான்.

எங்கே பின்வாங்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தருமபுரித் தண்ணீர். ஃப்ளோரைடால் பல் கறுத்து, எலும்பு வளைந்தவர்கள் உங்கள் உறவிலேயே இருப்பார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனில் வந்து 2013இல் திறக்கப்பட்டது. கேன் தண்ணீர் வாங்க முடிந்தவன் வாங்கிக்கொள்ளட்டும் என்று இதில் பேசினால் உங்களை மேடையிலிருந்து இறக்கிவிடுவார்கள், அது சரியும்கூட. தனியாக ஒருவன் தன் கிணற்றை மட்டும் திருத்திக்கொள்ள முடியாத விஷயம் இது. ஒன்றை மட்டும் சேர்க்கலாம்: மோட்டாருக்கு இலவச மின்சாரம் என்றதும் போர்வெல்கள் ஆழம் ஆழமாகப் போயின, கடும்பாறையின் அடியில் கிடந்த தண்ணீர் மேலே வந்தது. ஃப்ளோரைடு கூடியதற்கு அதுவும் ஒரு காரணம். தண்ணீருக்கு விலையே இல்லை என்று நினைத்ததற்கு யாரோ ஒருவர் எலும்பால் விலை கொடுத்தார்கள். ஆனால் இதை மெதுவாகச் சொல்ல வேண்டும், முன்வரிசையில் விவசாயிகள் உட்கார்ந்திருப்பார்கள்.

கடைசியாகப் பணக்கணக்கு ஒன்று. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கட்டும் பங்கு 2013–14இல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021–22இல் 39.4 ஆனது என்று அரசின் தேசிய சுகாதாரக் கணக்கு சொல்கிறது. எதிரணி இதை அரசின் வெற்றி என்று சொல்லும். சொல்லட்டும், வெற்றிதான். நீங்கள் கேட்க வேண்டியது, அந்த 39 சதவீதத்தைக் கட்டுகிறவர் கவுண்டரில் நிற்கும்போது அவருக்கு விலை தெரியுமா என்பது.

அதற்குச் சாட்சி வெளியில் தேட வேண்டாம். பட்டிமன்றத்துக்கு முன் ஒரு காலை நேரம் ஒதுக்கி, ஊரில் ஒரு பத்து ஸ்கேன் சென்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் போன் போடுங்கள். "வயிறு ஸ்கேனுக்கு எவ்வளவுங்க?" என்று மட்டும் கேளுங்கள். யார் உடனே சொன்னார், யார் "நேர்ல வாங்க" என்றார், யார் "கார்டா, கேஷா?" என்றார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பெயர்களை அடித்துவிட்டு, அந்தத் தாளை அப்படியே மேடையில் வாசித்துவிட்டு உட்காருங்கள்.